முருங்கன் பாலை விதை, ஒட்டுசுட்டான் பாலை விதை: வேறுபாட்டை மரபணு சொல்லுமா?

ஒட்டுசுட்டான் நாற்றுமேடை கேட்டது:

எனது நாற்றுமேடை ஒட்டுசுட்டானில் இருக்கிறது. பாலை, முதிரை, கருங்காலி, வீரை ஆகிய காட்டு மரங்களை மட்டுமே வளர்க்கிறேன். தேக்கங்கன்று கேட்டு வருவோரை வேறிடத்துக்கு அனுப்பிவிடுவேன். காடாக நின்ற நிலத்தில் காட்டு மரமே திரும்ப நிற்கவேண்டும் என்பது என் பிடிவாதம்.

2014 ஆடியில் இரண்டு இடத்துப் பாலை விதைகள் கிடைத்தன. ஒன்று, எங்கள் வளவின் பின்னால் நிற்கும் தாய்மரத்தின் விதை. 2009இல் போரின்போது அந்த மரத்தில் செல் (எறிகணை) துண்டுகள் ஏறிவிட்டன. வாளின் பல் முறிந்துபோகும் என்று மர ஆலைக்காரர் எவரும் அதைத் தொடவில்லை. சுற்றி நின்ற பாலைகள் எல்லாம் போய்விட, அது மட்டும் நிற்கிறது. மற்றது, மன்னார் மாவட்டத்து முருங்கனில் இருக்கும் என் சின்னம்மா உரப்பையில் கட்டி பஸ்ஸில் அனுப்பிவைத்த விதை.

2015 மாரி தொடங்கியதும் இரண்டு இடத்துக் கன்றுகளையும் கண்ணிவெடி அகற்றி விடுவித்த ஒரே காணியில் நட்டேன். அடுத்த ஆண்டு மாரி பொய்த்தது. 2017இல் சோளகம் அடித்த மாதங்களில் எங்கள் மரத்துக் கன்றுகள் வரிசை வரிசையாகக் கருகின. நான் வாளியில் தண்ணீர் சுமந்தும் பயனில்லை. முருங்கன் கன்றுகளோ இலையைச் சுருட்டிக்கொண்டு நின்று, மழை வந்ததும் தளிர்த்தன.

மரங்களின் மரபணுவையும் இடத்தின் மழை, வெயில் கணக்கையும் கணினிக்குக் கொடுத்தால், எந்த விதை எந்த நிலத்துக்குப் பொருந்தும் என்று அது சொல்லும் என்று வாசித்தேன். மன்னார்ப் பாலைக்கு வறட்சியைத் தாங்கும் குணம் விதையிலேயே இருக்கிறதா? இருந்தால் இனி அங்கிருந்துதான் விதை எடுக்கவேண்டுமா? நான் இன்று நடும் பாலையின் நிழலில் என் பேரப்பிள்ளைகளின் பிள்ளைகள் இருப்பார்கள். தவறான விதையை நட்டுவிடக்கூடாது.

வவுனியா, தாவர மரபியல் மாணவி:

அக்கா, நீங்கள் வாசித்தது உண்மையான துறைதான். ஓர் இனத்தின் மரங்கள் பரந்து நிற்கும் பல இடங்களில் இலை எடுத்து டிஎன்ஏயை வாசிப்பார்கள். மரத்துக்கு மரம் எழுத்து மாறும் இடங்கள் ஆயிரக்கணக்கில் கிடைக்கும். அவற்றுள் எவை மழையோடும் வெப்பத்தோடும் சேர்ந்து மாறுகின்றன என்று இயந்திரக் கற்றல் முறைகள், அதாவது தரவைப் பார்த்துத் தாமே கற்கும் கணினி முறைகள், தேடும். பிறகு வருங்காலக் காலநிலைக் கணிப்பைக் கொடுத்து, இன்றைய மரத்தின் மரபணுவுக்கும் அந்த நாளில் தேவைப்படும் மரபணுவுக்கும் இடைவெளி எவ்வளவு என்று அளப்பார்கள். வட அமெரிக்காவின் பால்சம் பாப்லர் மரத்தில் இப்படி அளந்த ஆய்வு 2015இல் வெளிவந்தது.

பாப்லர்தான் மரபணுத்தொகை, அதாவது டிஎன்ஏ எழுத்துகளின் மொத்தம், முழுதாக வாசிக்கப்பட்ட முதல் மரம், அது 2006இல். நோர்வே ஸ்புரூஸ் மரத்தை 2013இல் வாசித்தபோது ஏறக்குறைய 2,000 கோடி எழுத்துகள் இருந்தன. மனிதருக்கு 300 கோடிதான். தேக்கை 2018இல் கோயம்புத்தூர் வன மரபியல் நிறுவனத்தார் வாசித்தார்கள். முழுவதையும் வாசிக்காமல் துண்டு துண்டாக வாசித்தும் மரங்களை ஒப்பிடலாம் என்பதால் பாலைக்கும் வழி இருக்கிறது. பாலுள்ள இலையிலிருந்து தூய டிஎன்ஏ எடுப்பதுதான் சிரமம்.

ஆனால் உங்கள் கதையில் ஒன்று என்னை நிறுத்திவிட்டது. உங்கள் பக்கத்து விதை ஒரே மரத்தினது. சின்னம்மாவின் பையில் எத்தனை மரத்து விதைகள்? சுற்றி வேறு பாலை இல்லாத மரம் தன் மகரந்தத்தையே ஏற்கநேர்ந்தால், கன்றுகள் நலிந்து பிறப்பது பல மர இனங்களில் கண்டறியப்பட்டிருக்கிறது. அப்படியென்றால் நீங்கள் ஒப்பிட்டது ஒட்டுசுட்டானையும் முருங்கனையும் அல்ல. உறவிழந்து தனித்த ஒரு தாயையும் ஒரு கூட்டத்தையும்.

முன்னாள் வன உத்தியோகத்தர், மாங்குளம்:

பிள்ளை, முருங்கன் கன்றுகளைக் காணியின் எந்தப் பக்கம் நட்டீர்கள்? மேட்டிலா, பள்ளத்திலா?

நான் கேட்பதற்குக் காரணம் உண்டு. அமெரிக்காவில் கிளாவுசன், கெக், ஹீசி என்ற மூவர் ஒரே செடியைப் பிரித்துக் கடலோரத்துக்கு அருகே ஒரு தோட்டத்திலும், சுமார் 1,400 மீற்றரில் ஒன்றிலும், 3,000 மீற்றருக்கு மேல் ஒன்றிலும் நட்டார்கள். 1940இல் முடிவுகளை வெளியிட்டார்கள். கடலோரச் செடி மலையுச்சியில் தாக்குப்பிடிக்கவில்லை. நிலம் செய்வது எது, பிறப்பு செய்வது எது என்று பிரித்துக் காட்டியது அந்த நடுகைதான். இன்று எத்தனை கணினி வந்தாலும் அந்த நடுகை இல்லாமல் முடிவு சொல்லமுடியாது என்பது என் உறுதியான எண்ணம்.

முருங்கனில் கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும் கருமண். உங்களிடம் செம்மண். அங்கே பாலை நிற்பது மழைக் குறைவைத் தாங்கியா, அந்த மண்ணைத் தாங்கியா? இன்னொன்றும் சொல்கிறேன். நேரான, பருத்த மரங்களைக் கோடரி எடுத்துக்கொண்டது. இன்று விதை தருபவை கோணலும் பொந்துமாக மிஞ்சியவை. வன்னிக் காட்டில் எந்த மரம் நிற்கிறது என்பதைத் தீர்மானித்தது காலநிலை மட்டும் அல்ல.

கிளிநொச்சி, கணினி ஆசிரியர்:

அக்கா, கணினிப் பக்கத்தை மட்டும் சொல்கிறேன். இந்த வேலையில் பெரிதும் பயன்படும் ‘ரேண்டம் ஃபாரஸ்ட்’ என்ற முறையை லியோ பிரைமன் 2001இல் விரித்து எழுதினார். பெயரிலேயே காடு இருக்கிறது. நூற்றுக்கணக்கான தீர்மான மரங்கள், ஒவ்வொன்றும் தரவின் ஒரு பகுதியை மட்டும் பார்த்து, “ஆண்டு மழை இந்த அளவுக்குக் கீழா? கோடை இத்தனை மாதமா?” என்று கேட்டுக் கேட்டுக் கிளை பிரியும். எல்லாவற்றின் விடையையும் சேர்த்து முடிவெடுப்பார்கள்.

அது தான் பார்த்த எல்லைக்குள் நன்றாகச் சொல்லும். எந்த இடத்துத் தரவிலும் இல்லாத வெப்பத்தைக் கேட்டால், பார்த்தவற்றில் மிக அதிகமான வெப்பத்துக்குரிய விடையையே திருப்பித் தரும். மன்னாரின் மரங்கள் எல்லாம் நெருங்கிய உறவாக இருந்தால், உறவால் வந்த ஒற்றுமையையும் வறட்சியால் வந்தது என்று எண்ணிவிடும். அதனால் வறண்ட இடம் ஒன்று போதாது; ஒன்றுக்கொன்று தூரமான வறண்ட இடங்கள் பல வேண்டும்.

வவுனியா, தாவர மரபியல் மாணவி:

ஐயா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். கலிபோர்னியாவில் வாலி ஓக் மரத்தின் விதைகளைப் பல இடங்களிலிருந்து கொண்டுவந்து இரண்டு தோட்டங்களில் நட்டு, மரபணுவையும் சேர்த்துப் பார்த்த ஆய்வு 2019இல் வந்தது. அந்த மரங்கள் இன்றைய வெப்பத்துக்கே பொருந்தவில்லை; இன்னும் குளிரான இடத்தில் நன்றாக வளரக்கூடியவையாக இருந்தன. “உள்ளூர் விதையே சிறந்தது” என்பதை நாமும் சோதிக்காமல் நம்பக்கூடாது. நடுகையும் மரபணுவும் சேர்ந்தபோதுதான் இது தெரிந்தது.

ஒட்டுசுட்டான் நாற்றுமேடை:

ஐயா, உங்கள் கேள்வியைப் படித்ததும் காணிக்குப் போய்ப் பார்த்தேன். முருங்கன் வரிசைகள் வாய்க்கால் பக்கம், பள்ளத்தில் இருக்கின்றன. அன்று நட வந்த பிள்ளைகள் எந்தப் பையை முதலில் அவிழ்த்தார்களோ அதைக் கீழே நட்டார்கள். இத்தனை ஆண்டுகளாக வருவோர் போவோருக்கெல்லாம் “மன்னார்ப் பாலை சாகாது” என்று சொல்லிவந்திருக்கிறேன். கன்று வாங்கியவர்களிடமும் சொன்னேன். அது மனதை வருத்துகிறது. சின்னம்மாவிடமும் கேட்டேன். சந்தைக்குப் பழம் கொண்டுவந்த மூன்று நான்கு பேரிடம் விதை வாங்கினாராம். எத்தனை மரம் என்று எவருக்கும் தெரியாது.

இந்த ஆடியில் இப்படிச் செய்யப்போகிறேன். முருங்கன், மடு, மாங்குளம், ஒட்டுசுட்டான் என்று நான்கு இடங்கள். இடத்துக்குப் பத்துத் தாய்மரங்கள். மரத்துக்கு ஒரு பை. பைக்குள் ஓர் இலக்கம், வெளியே அதே இலக்கம். மேட்டிலும் பள்ளத்திலும் எல்லாத் தாயின் கன்றுகளையும் சீட்டுக் குலுக்கிக் கலந்து நடுவேன். முருங்கனில் காணி தர ஒருவர் இசைந்தால் அங்கேயும் அதே கன்றுகள். பழம் பழுத்தால் கரடி வரும் என்பதால் காலை வெயில் ஏறிய பிறகு, துணையோடுதான் போவோம். காட்டுக்குள் எடுப்பதற்கு வனவளத் திணைக்களத்தின் அனுமதிக்கும் எழுதிவிட்டேன்.

தங்கச்சி, இலையைச் சிலிக்கா ஜெல்லில் உலர்த்தி வைத்தால் ஆண்டுக்கணக்கில் கெடாது என்று வாசித்தேன். மரத்துக்கு எத்தனை இலை, தளிரா முற்றியதா என்று சொல்லுங்கள். வாசிக்கப் பணம் கிடைக்கும்வரை பெட்டியில் இருக்கட்டும். செல் துண்டு ஏறிய எங்கள் மரத்தையும் பத்தில் ஒன்றாகச் சேர்க்கிறேன். அதற்கு இலக்கம் 1.