சித்தூர்ப்புழை நீர்ப்பிடிப்பு எல்லை: சமவெளியில் ஓடைக்கோடு நேராகப் போகிறது, வழி சொல்லுங்கள்

வணக்கம். பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கம் ஓடும் சித்தூர்ப்புழை ஆற்றின் தண்ணீர் ஆனைமலையில் பிறப்பது. அதனால் மாநில எல்லையோடு வெட்டாமல், க்யூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் எல்லை தாண்டியே நீர்ப்பிடிப்பை (ஆற்றுக்கு மழைநீர் வந்து சேரும் பரப்பை) வரைகிறோம்.

எஸ்ஆர்டிஎம் (விண்வெளியிலிருந்து ரேடாரால் அளந்த) 30 மீட்டர் உயரத் தரவில் கிழக்குத் தீர்க்கரேகை 76, 77 பாகைத் துண்டுகள் இரண்டையும் முதலில் இணைத்து, பிறகே மீட்டரில் அளக்கும் யூடிஎம் 43 வடக்கு ஆயமுறைக்கு (இபிஎஸ்ஜி குறியீடு 32643) மாற்றினோம், அக்கம்பக்க மதிப்புகளைக் கலந்து கணக்கிடும் பைலீனியர் முறையில். மிக அருகிலுள்ள மதிப்பை அப்படியே எடுக்கும் நியரஸ்ட் முறையை வைத்தால் சரிவுப் படத்தில் வரிவரியாகக் கோடு விழும். பாகையிலேயே விட்டால் உயரம் மட்டும் மீட்டரில் நிற்கும், சரிவு எங்கும் 90 பாகையை ஒட்டி வரும். புதிதாகக் கற்பவர்கள் இதைக் கட்டாயம் கவனியுங்கள்.

நீரோட்டக் கணக்கு தடைபடாமல் இருக்க வாங்-லியு முறையில் தரவிலுள்ள பள்ளங்களை நிரப்பி, குறைந்தபட்சச் சரிவு 0.01 கொடுத்தோம். ஓடை தொடங்க, மேலிருந்து நீர் சேரும் பரப்பு 1000 கட்டம் (30 மீட்டர் சதுரங்கள்), அதாவது சுமார் 0.9 சதுர கி.மீ. என்று வைத்தோம். மலையில் ஓடைகள் அருமையாகப் பொருந்துகின்றன. ஆழியாறு அணைக்குக் கீழேதான் சிக்கல்: பக்கம்பக்கமாக நேர்கோடுகள். நிரப்பிய இடம் கிட்டத்தட்ட தட்டையாகிவிடுவது ஒரு காரணம். தென்னந்தோப்பின் உச்சியை ரேடார் தரையாக எடுப்பதும், வாய்க்கால் 30 மீட்டரில் தெரியாததும் மற்றவை என்று நினைக்கிறோம்.

இதைச் சரிசெய்ய, ஆறு ஓடும் கோட்டை உயரத் தரவில் எத்தனை மீட்டர் ஆழமாக வெட்டிவிட வேண்டும்? 5 போதுமா, 20 வேண்டுமா? அதிகம் வெட்டினால் பக்கத்து ஓடையையும் இழுத்துக்கொள்கிறது. மரங்களின் உயரத்தை நீக்கிய ஃபாப்டெம் என்ற உயரத் தரவைத் தோப்புப் பகுதியில் ஓட்டிப் பார்த்தவர்கள் இருந்தால், நீங்கள் வைத்த அளவுகளோடு சொல்லுங்கள்.