நடைப்பயிற்சியால் இளவயதில் உடற்சமநிலையும் சிந்தனைத் திறனும் கூடுமா?

கேள்வி: மலர்விழி, திருச்சி

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 23. அரசுப் பணித் தேர்வுக்காக நாள்தோறும் எட்டு ஒன்பது மணி நேரம் நூலகத்தில் அமர்ந்து படிக்கிறேன். இரண்டு மாதங்களாக, மாலை ஐந்தரை மணிக்குப் புத்தகத்தை மூடிவிட்டு, காவிரிக் கரையோரச் சாலையில் 30 நிமிடம் விரைந்து நடந்து, பிறகு மீண்டும் படிக்க உட்காருகிறேன். நடந்து வந்தபின் படிப்பது மனத்தில் தங்குகிறது என்று தோன்றுகிறது; ஆனால் அது நடையின் பயனா, சற்று ஓய்வு கிடைத்ததன் பயனா என்று பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

இன்னொன்றும் உண்டு. நின்றபடி சுடிதார் அணியும்போது இடக்காலில் மட்டும் நிற்க நேர்ந்தால் கை தானாகச் சுவரைத் தேடுகிறது. பேருந்து வளையும்போதும் அந்தப் பக்கமே சாய்கிறேன். பள்ளியில் கோ-கோ விளையாடியபோது இடக் கணுக்கால் பிசகி மூன்று வாரம் கட்டுப் போட்டிருந்தேன். அதைத் தவிர வேறு குறை எதுவும் இல்லை. இரண்டு மாதம் நடந்தும் இந்தத் தடுமாற்றம் குறையவே இல்லை. எட்டு வடிவப் பாதையில் நடந்தால் சரியாகிவிடும் என்று என் அத்தை உறுதியாகச் சொல்கிறார். அப்படிச் செய்யலாமா?

மறுமொழி: நித்யா, உளவியல் ஆய்வாளர்

உங்கள் முதல் ஐயத்துக்கு மட்டும் விடை சொல்கிறேன், மலர்விழி. நடக்கும்போதே கிடைக்கும் பயன் வேறு, மாதக்கணக்கில் நடந்து சேரும் பயன் வேறு.

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஓப்பெஸோ, ஷ்வார்ட்ஸ் ஆகிய இருவரும் 2014இல் வெளியிட்ட ஆய்வு முதல் வகையைச் சேர்ந்தது. அன்றாடப் பொருள் ஒன்றைச் சொல்லி, அதை வழக்கத்துக்கு மாறாக எப்படியெல்லாம் பயன்படுத்தலாம் என்று மாணவர்களிடம் கேட்டார்கள். வெற்றுச் சுவரைப் பார்த்தபடி டிரெட்மில்லில் நடந்தபோதுகூட, அமர்ந்திருந்ததைவிடக் கூடுதலான புதுக் கருத்துகளை 81 விழுக்காட்டினர் சொன்னார்கள். நடந்துவிட்டு உட்கார்ந்த பிறகும் அந்த ஊக்கம் சிறிது நேரம் நீடித்தது. ஆனால் ஒரே ஒரு சரியான விடை கொண்ட சொற்புதிர்களில் நடந்தவர்கள் சற்றே பின்தங்கினார்கள். ஆகவே கட்டுரை வினாவுக்கான கருத்துகளை நடந்துகொண்டே திரட்டுங்கள்; கொள்குறி வினாக்களுக்கு விடை தேடுவதை மேசைக்கு வந்தபின் வைத்துக்கொள்ளுங்கள்.

நீண்ட காலப் பயனைப் பற்றிக் கொலம்பியா பல்கலைக்கழகத்தினர் 2019இல் வெளியிட்ட ஆய்வு உண்டு. 20 முதல் 67 வயது வரையிலான 132 பேரில் ஒரு பகுதியினர் ஆறு மாதம் இதயத் துடிப்பை உயர்த்தும் பயிற்சியையும், மற்றவர்கள் தசைகளை நீட்டும் பயிற்சியையும் செய்தார்கள். முதல் பிரிவினருக்குத் திட்டமிடுவது, கவனத்தை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றுவது போன்ற திறன்கள் மேம்பட்டன. வயது ஏற ஏறப் பயனும் கூடியது. நடந்தால் மூளையின் நினைவுப் பகுதி 2 விழுக்காடு பெருக்கிறது என்று செய்தித்தாள்களில் அடிக்கடி வருவது 2011ஆம் ஆண்டு ஆய்வின் முடிவு. அதில் பங்கேற்றவர்கள் அனைவரும் 55 வயதைக் கடந்தவர்கள். அந்த எண்ணை 23 வயதுக்குப் பொருத்திக்கொள்வது சரியன்று.

ஓய்வா நடையா என்பதை நீங்களே சோதிக்கலாம். ஒருநாள் விட்டு ஒருநாள், நடக்காமல் அதே 30 நிமிடம் கைப்பேசியின்றிச் சும்மா அமர்ந்திருங்கள். அன்றாடம் அதன்பின் பழைய வினாத்தாளில் 20 வினாக்களுக்கு விடை எழுதி மதிப்பெண்ணைக் குறித்து வையுங்கள்.

மறுமொழி: செந்தில்குமார், இயன்முறை மருத்துவர்

தங்கைக்கு வணக்கம். நீங்கள் ஒரே வரியில் கடந்துசென்ற அந்தக் கணுக்கால்தான் என் கண்ணில் பட்டது.

கண், உட்காது, கால்களின் தசைகளிலும் மூட்டுகளிலும் உள்ள நரம்பு நுனிகள் ஆகிய மூன்றும் அனுப்பும் செய்திகளைச் சிறுமூளை ஒருங்கிணைப்பதால்தான் நாம் விழாமல் நிற்கிறோம். கணுக்கால் பிசகும்போது தசைநார் மட்டுமல்லாமல் அதிலுள்ள நரம்பு நுனிகளும் பாதிக்கப்படுகின்றன. மூன்று வாரத்தில் வீக்கம் வடிந்துவிடும். ஆனால் பாதம் எந்தக் கோணத்தில் இருக்கிறது என்னும் உணர்வு, உரிய பயிற்சி இல்லாவிட்டால், ஆண்டுகள் கழிந்தும் மங்கலாகவே இருக்கக்கூடும். கட்டுப் பிரித்த அன்றே சிகிச்சை முடிந்துவிட்டதாக எண்ணி விளையாடப் போய்விடும் பிள்ளைகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

அப்படியானால் நடை ஏன் இதைச் சரிசெய்யவில்லை? நடையில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு நேரம் நாம் ஒற்றைக் காலில்தான் இருக்கிறோம். ஆனால் ஒவ்வொரு முறையும் அது அரை நொடிக்கும் குறைவு. உடல் முன்னோக்கிச் சரிய, அடுத்த கால் வந்து தாங்கிக்கொள்கிறது. நின்று நிலைகொள்ளும் வேலையைக் கணுக்காலுக்கு அது தருவதில்லை. மேலும், சமமான சாலை 23 வயது உடலுக்குப் புதிய சவால் எதையும் வைப்பதில்லை.

இதைச் செய்து பாருங்கள். சுவருக்கு அருகே வெறுங்காலுடன் ஒற்றைக் காலில் நின்று, கண்ணை மூடி, மற்றக் கால் தரையைத் தொடும்வரை எத்தனை நொடி என்று வீட்டில் ஒருவரை எண்ணச் சொல்லுங்கள். இரு கால்களுக்கும் மும்மூன்று முறை. பிறகு நாள்தோறும் பல் துலக்கும்போது இடக்காலில் நில்லுங்கள். குதிகாலை உயர்த்தி மெல்ல இறக்குங்கள். ஒரு பாதத்தின் நுனியை மறு பாதத்தின் குதிகால் தொடும்படி பத்தடி நடங்கள்.

அத்தை சொல்வதிலும் பொருள் உண்டு. எட்டில் திரும்பும் ஒவ்வொரு வளைவிலும் உள்பக்கக் காலும் வெளிப்பக்கக் காலும் வெவ்வேறு விதமாக உழைக்கின்றன. முதியோரின் நடைத்திறனை அளக்கவே எட்டு வடிவச் சோதனை ஒன்று இருக்கிறது. ஆனால் ஒற்றைக் காலில் நிற்கும் பயிற்சிக்கு அது ஈடாகாது. வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் என்னும் உலகச் சுகாதார நிறுவனத்தின் அளவை உங்கள் நடை எட்டிவிட்டது. அந்நிறுவனம் அதனுடன் சொல்லும் வாரம் இருநாள் தசை வலிமைப் பயிற்சிதான் விடுபட்டிருக்கிறது. இருபக்கமும் தடுமாற்றமோ தலைசுற்றலோ இருந்தால் மட்டும், முதலில் இரத்தத்தில் ஹீமோகுளோபின் அளவைப் பார்த்துவிடுங்கள். 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி நம் நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருக்கிறது.

மறுமொழி: அருள், முதுகலை மாணவர்

சமநிலைக்கும் சிந்தனைக்கும் நேரடித் தொடர்பு உண்டு என்பதைச் சேர்த்துக்கொள்கிறேன். பேச்சுக் கொடுத்தால் நடையை நிறுத்திவிடும் முதியவர்கள் பின்னர் அதிகமாக விழுகிறார்கள் என்று 1997இல் சுவீடன் ஆய்வாளர்கள் காட்டினார்கள். இளையோரிடம் மூளைத்திறனின் இருப்பு அதிகம் என்பதால் குறை எளிதில் வெளிப்படாது. ஒற்றைக் காலில் நின்றபடி நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழித்துப் பாருங்கள் அக்கா, தெரிந்துவிடும்.

மலர்விழி, நான்கு வாரங்களுக்குப் பின்

மூவருக்கும் நன்றி. முதல் நாள் கண்ணை மூடியபோது வலக்காலில் 24 நொடி, இடக்காலில் 7 நொடி. இடக் கணுக்காலின் வெளிப்புற எலும்புக்குப் பின்னால் உள்ள தசைநாண் வீணைத் தந்திபோல் துடித்ததை என் தங்கை குனிந்து பார்த்துச் சொன்னாள். இப்போது இடக்காலில் 15 நொடி வருகிறது. சுடிதார் அணியும்போது சுவர் தேவைப்படவில்லை. தலைசுற்றல் எதுவும் இல்லை.

நித்யா அக்கா, நடந்த நாட்களில் இருபதுக்குப் பெரும்பாலும் 15, சும்மா அமர்ந்த நாட்களில் 14. ஓய்வுக்குத்தான் பெரும் பங்கு போலும். ஆனால் கட்டுரைக் கருத்துகள் நடையில்தான் வருகின்றன என்பதில் எனக்கு ஐயமில்லை. வீட்டுக்கு வந்ததும் எழுதிவைக்கக் குறிப்பேடு ஒன்றை வாசலிலேயே வைத்திருக்கிறேன்.

அருள் தம்பி சொன்ன கணக்கில் 72 வருவதற்குள் கால் தரையைத் தொட்டுவிடுகிறது. ஐயா, இனித் தலையணைமேல் நின்று பழகலாமா?

மறுமொழி: செந்தில்குமார்

இடக்காலும் 20 நொடியைத் தாண்டும்வரை தரையிலேயே நில்லுங்கள், தங்கையே. அதன்பின் முதலில் நான்காக மடித்த போர்வை, அதுவும் கண்ணைத் திறந்தபடி, தலையணை பிறகு.