விளக்கா, எல்இடியா, லேசரா? பின்புற புரொஜெக்‌ஷன் டிவியோடு வாழ்ந்தவர்கள் எழுதுகிறார்கள்

ப்ளேனோ, டெக்சஸ்

பின்புற புரொஜெக்‌ஷன் டிவி என்றால் இன்று பலருக்கும் ஞாபகம் வருவது அதன் பருமன் மட்டும்தான். பெட்டிக்குள் உண்டாகும் சின்னப் படத்தைப் பெரிதாக்கி, திரையின் பின்பக்கத்திலிருந்து வீழ்த்தும் டிவி அது. 2005, 2006 வாக்கில் அமெரிக்காவில் ஐம்பது அங்குலத்துக்கு மேல் டிவி வேண்டும், ஆனால் பிளாஸ்மாவுக்குக் காசு கட்டுப்படியாகாது என்ற குடும்பங்களுக்கு இதை விட்டால் வேறு வழி இருக்கவில்லை. நானும் அப்போது ஒரு டிஎல்பி பெட்டி, அதாவது நுண்கண்ணாடிகள் பதித்த சிப்பால் படம் காட்டும் வகை, வாங்கினேன். அதோடும் அதற்குப் பின் வந்ததோடும் பல வருடம் வாழ்ந்த பிறகு எனக்கு ஒன்று உறுதியாகத் தெரியும். இந்த டிவிகளின் தலையெழுத்தை எழுதியது உள்ளே எரிந்த விளக்குதான். நிறம், ஆயுள், கரண்ட் பில், விசிறிச் சத்தம் எல்லாம் அதைப் பொறுத்ததே.

டிஎல்பி சிப் எங்கள் ஊர்க்காரப் பொருள். டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸில் லாரி ஹார்ன்பெக் 1987-ல் உருவாக்கியது. தலைமுடியின் தடிமனைவிடச் சிறிய கண்ணாடிகள் லட்சக்கணக்கில், ஒவ்வொன்றும் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் சாய்ந்து வெளிச்சத்தைத் திரைக்கு அனுப்பும், அல்லது ஒதுக்கிவிடும். இதற்காக அவருக்குப் பின்னாளில் ஆஸ்கர் சிலையே கொடுத்தார்கள். என் பெட்டியில் அந்த சிப் கடைசிவரை ஒரு குறையும் வைக்கவில்லை. தொல்லை முழுக்க அதற்கு வெளிச்சம் கொடுத்த பாதரச விளக்கில்தான்.

அந்த விளக்கு உண்மையில் பெரிய சாதனை. குவார்ட்ஸ் குமிழுக்குள் இரண்டு மின்முனைகளுக்கு நடுவே, கிட்டத்தட்ட ஒரு மில்லிமீட்டர் இடைவெளியில், மின்பொறி விடாமல் வில்லாக எரியும். உள்ளே அழுத்தம் 200 வளிமண்டலம் அளவுக்கு ஏறும். பிலிப்ஸ் 1990-களில் இதைக் கொண்டுவந்திராவிட்டால் மெல்லிய புரொஜெக்டரே வந்திருக்காது. ஆனால் பாதரசம் பச்சையையும் நீலத்தையும் வாரிக் கொடுக்கும், சிவப்பைக் கஞ்சத்தனமாகத்தான் தரும். வெள்ளை சரியாக வர வேண்டுமென்றால் மிஞ்சிய பச்சையை வெட்டி எறிய வேண்டும். அதனால்தான் அந்தக் காலத்து விளக்கு டிவிகளில் கல்யாண வீடியோ போட்டால் கூரைப்புடவைச் சிவப்பு ஆரஞ்சாகத் தெரியும்.

அடுத்தது நிறச் சக்கரம். ஒரே சிப் என்பதால் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் சுழலும் கண்ணாடிச் சக்கரம் மாற்றி மாற்றிக் கொடுக்கும். என் மனைவி கண்ணைத் திருப்பும்போதெல்லாம் வானவில் தெறிக்கிறது என்பாள். எனக்குத் தெரியாது. பார்க்கிறவர் கண்ணைப் பொறுத்தது அது.

2006-ல் சாம்சங் விளக்கையும் சக்கரத்தையும் ஒன்றாகத் தூக்கிவிட்டு, மாசசூசெட்ஸைச் சேர்ந்த லுமினஸ் டிவைசஸ் செய்த எல்இடிகளை வைத்து 56 அங்குல டிவி கொண்டுவந்தது. மறு வருடம் அந்த வரிசையில் ஒன்றை வாங்கினேன். எல்இடியை மைக்ரோ விநாடிக் கணக்கில் அணைத்து ஏற்ற முடியும் என்பதால் நிறங்கள் முன்னைவிட வேகமாக மாறின. மனைவி வானவில்லைப் பற்றிப் பேசுவது நின்றுபோனது. சிவப்பு சிவப்பாகவே வந்தது. பகல் வெளிச்சத்தில் பழைய விளக்கு அளவுக்குப் பளிச்சென்று இல்லை, அதை ஒத்துக்கொள்ள வேண்டும். ஆனால் இரவில் திரைச்சீலையை இழுத்துவிட்டு ஒரு படம் பார்த்தால் போதும், அந்தக் குறை மறந்துபோகும். இன்றும் மாடியறையில் ஓடிக்கொண்டிருக்கிறது.

மற்றவர்கள் எந்த வெளிச்சத்தோடு காலம் தள்ளினீர்கள்? சிஆர்டி எனும் படக்குழாய்க் காலத்து ஆட்களும் லேசரைப் பார்த்தவர்களும் கட்டாயம் எழுதுங்கள்.

ஸ்காபரோ, கனடா

ப்ளேனோத் தம்பிக்கு வணக்கம். நான் இங்க ரீவி திருத்திற வேலை செய்தனான். நீங்கள் சொல்லுற விளக்குக்கு முந்தினது என்ர காலம். அப்ப விளக்கு எண்டு தனியா ஒண்டும் இல்லை. பெட்டிக்குள்ள சிவப்பு, பச்சை, நீலம் எண்டு மூண்டு சின்ன படக்குழாய், ஒவ்வொண்டும் ஏழு அங்குலம். படமும் அதிலதான், வெளிச்சமும் அதிலதான். அந்தச் சின்னக் குழாயில இருந்து ஐம்பது, அறுபது அங்குலத் திரையை நிரப்பவேணும் எண்டா எவ்வளவு அடிச்சு ஓட்டியிருப்பினம் எண்டு யோசிச்சுப் பாருங்கோ. சூடு தாங்காது. அதுக்காகக் குழாய்க்கும் லென்ஸுக்கும் நடுவில கிளைக்கோல் கலந்த திரவம் விட்டிருப்பினம். வெளிச்சம் அதுக்குள்ளாலதான் போகவேணும். வருசம் போகப் போக அது கலங்கிப் பாசி பிடிச்ச மாதிரி வரும். வீட்டுக்காரர் குழாய் போட்டுது எண்டு கூப்பிடுவினம். திரவத்தை எடுத்துப்போட்டுக் கழுவிப் புதுசு விட்டா படம் பழையபடி வந்திடும். அதைப் பாக்கேக்க அவையின்ர முகத்தில வாற சந்தோசத்துக்காகவே அந்த வேலை எனக்குப் பிடிக்கும்.

திரவம் கீழ ஒழுகிப் போர்டில பட்டா கதை வேற. அப்பிடி வந்த சில பெட்டியளைத் திருத்தாதேங்கோ எண்டு நானே சொல்லித் திருப்பி அனுப்பியிருக்கிறன்.

மூண்டு நிறமும் திரையில ஒரே இடத்தில விழவேணும். விழாட்டி எழுத்துக்குப் பக்கத்தில சிவப்பும் நீலமும் நிழல் மாதிரி நிக்கும். அனேகமா அதை ஓட்டுற ஐசி எரிஞ்சிருக்கும். மாத்தினாப் பிறகு திரையில கட்டம் கட்டமாக் கோடு போட்டு, ஒவ்வொரு சந்தியா ஒழுங்குபடுத்தவேணும். பொறுமை இல்லாத ஆள் செய்யக்கூடாத வேலை.

எங்கட சனத்தின்ர வீடுகளில நான் கனக்கக் கண்டது இன்னொண்டு. தமிழ்ச் சனலைக் காலமையில இருந்து இரவு வரைக்கும் போட்டு விடுவினம். மூலையில நிக்கிற சனல் சின்னம் குழாயுக்குள்ள ஒளிருற பொஸ்பர் பூச்சில அப்பிடியே பதிஞ்சிடும். பிறகு என்ன பாத்தாலும் அந்தச் சின்னம் ஆவி மாதிரி நிக்கும். அதுக்குக் குழாய் மாத்திறதைத் தவிர வழியில்லை. வெளிச்சம் தாற பொருளும் படம் காட்டுற பொருளும் ஒண்டா இருந்தா வாற வில்லங்கம் இது. டிஎல்பி வந்து இரண்டையும் பிரிச்சது எவ்வளவு பெரிய விசயம் எண்டு திருத்தின எங்களுக்குத்தான் தெரியும்.

பாதரச விளக்கு இப்பவும் வைச்சிருக்கிற ஆக்களுக்கு மூண்டு விசயம் சொல்லவேணும். ஆறவிட்டுத்தான் கழட்டுங்கோ. குவார்ட்ஸில விரல் படவிடாதேங்கோ, எண்ணெய்த் தடம் இருந்தா அந்த இடத்தில சூடேறி வெடிக்கும். வெடிச்சாலோ உடன யன்னலைத் திறந்துபோட்டுப் பிள்ளையளை வெளியில கூட்டிக்கொண்டு போங்கோ, உள்ளுக்குள்ள இருக்கிறது பாதரசம்.

பழைய பெட்டியைக் குப்பைக்குப் போடேக்க திரையை வெய்யிலில சாத்தி வைக்கவேண்டாம். அதுக்குள்ள ஒரு பெரிய ஃபிரெனல் லென்ஸ் இருக்கு, வட்ட வட்டமா வரி வெட்டின தட்டை லென்ஸ். வெய்யிலைக் குவிச்சு மரத்தைப் பத்த வைக்கும். சிலர் அதுக்கெண்டே கழட்டிக் கேட்டு வருவினம்.

கோயம்புத்தூர்

வணக்கமுங்க. எங்க வீட்ல மூணு எல்சிடி பேனல் வெச்ச புரொஜெக்‌ஷன் டிவி இருந்துச்சுங்க, அப்பா ஆசைப்பட்டு வாங்குனது. 2008-க்கு மேல கரண்ட் கட்டு ஆரம்பிச்சப்பத்தான் அந்த விளக்கோட குணமே தெரிஞ்சுதுங்க. டிவியை அணைச்சாலும் விசிறி கொஞ்ச நேரம் சுத்தி விளக்கை ஆற வைக்கோணும். கரண்ட் பொசுக்குனு போனா விசிறியும் நின்னுடும். சூடா இருக்கற விளக்கு மறுபடி உடனே பத்தாதுங்க, அழுத்தம் எறங்கற வரைக்கும் காத்திருக்கோணும். இன்வெர்ட்டர் மாத்திவிடற அந்தச் சின்ன இடைவெளியே போதும், வில் அணைஞ்சுடும். கடைசில டிவிக்குன்னே தனியா, இடைவெளியே இல்லாம கரண்ட் குடுக்கற ஒரு ஆன்லைன் யூபிஎஸ் வெச்சோம். அதுக்கப்பறம் விளக்கு நெறைய நாள் வந்துச்சுங்க. ஆனா நீல வெளிச்சம் போற வழியில இருந்த போலரைசர்ங்கற ஒளி வடிகட்டித் தாள் வெந்து, படத்துல கறை விழுந்துச்சு. அதுக்கு இங்க பாகம் கெடைக்கலைங்க. லேசர் பத்தி யாராச்சும் சொல்லுங்க.

சான் ஹோசே, கலிபோர்னியா

ஒளியியல் என் தொழில். லேசரைப் பற்றிச் சொல்லும் முன் எல்இடிக்கு ஏன் வெளிச்சம் போதவில்லை என்பதைச் சொல்லிவிடுகிறேன், இரண்டும் ஒரே கணக்குத்தான். ஒரு மூலத்தின் பரப்பு, அதிலிருந்து வெளிச்சம் விரியும் கோணம், இவற்றைப் பெருக்கினால் வருவதை எந்த லென்ஸாலும் சுருக்க முடியாது. சிப் விரல்நகம் அளவுதான், அது ஏற்கும் கோணமும் குறுகியது. அதனால் பெரிய எல்இடி வைத்தால் கூடுதல் வெளிச்சம் சிப்பின் ஓரத்தில் வழிந்து வீணாகும். பாதரச விளக்கில் அந்த ஒரு மில்லிமீட்டர் இடைவெளிக்காக அத்தனை பாடுபட்டது இதற்காகத்தான். எல்இடி செய்தவர்கள் சின்னப் பரப்பிலேயே அதிக மின்னோட்டத்தைச் செலுத்தி, வெளிச்சத்தை நேராக வெளியே தள்ளப் பார்த்தார்கள். லேசரிலோ இந்தக் கவலையே இல்லை. புள்ளி போன்ற இடத்திலிருந்து வருகிறது, மிகக் கொஞ்சம்தான் விரிகிறது, ஒரே அலைநீளம் என்பதால் நிறம் அவ்வளவு சுத்தம்.

மிட்சுபிஷி 2006-லேயே லேசர் டிவி முன்மாதிரியைக் காட்டியது. 2008 ஜனவரியில் லாஸ் வேகாஸ் கண்காட்சியில் விற்பனைக்கான டிவியை அறிமுகம் செய்தார்கள், பெயர் லேசர்வியூ. அந்த ஆண்டின் இறுதிக்குள் 65 அங்குலப் பெட்டி 6,999 டாலருக்குக் கடைக்கு வந்தது. நான் கடையில்தான் பார்த்தேன். இருட்டறையில் வைத்திருந்தார்கள். ஒரு ரோஜாவைக் காட்டினார்கள், அந்தச் சிவப்பை அதுவரை எந்தத் திரையிலும் நான் கண்டதில்லை. பெட்டியின் ஆழமும் பத்து அங்குலத்தை ஒட்டித்தான். அருகில் போய் வெள்ளைக் காட்சியைப் பார்த்தபோது மட்டும் மணல் தூவியது போல் ஒரு மினுமினுப்பு. லேசர் கதிர்கள் ஒன்றோடொன்று குறுக்கிட்டு உண்டாக்கும் புள்ளிகள் அவை. ஒளி பரப்பும் தகட்டை அதிரவைத்து அதைக் கண்ணுக்குத் தெரியாமல் சராசரியாக்குவார்கள். சோபாவில் உட்கார்ந்து பார்த்தால் தெரியவில்லை.

விலை ஏன் அவ்வளவு என்றால் பச்சைதான் காரணம். சிவப்பு லேசர் டயோடு மலிவு, நீலமும் வந்துவிட்டது. பச்சையை நேரடியாகத் தரும் டயோடு அன்று கிடையாது. அகச்சிவப்பு லேசரை ஒரு படிகத்தின் வழியே அனுப்பி அதிர்வெண்ணை இரட்டிப்பாக்கித்தான் பச்சை எடுத்தார்கள். வெப்பநிலையை இம்மி பிசகாமல் காக்க வேண்டும். ஜப்பானின் சுமிடோமோ எலக்ட்ரிக் 531 நானோமீட்டரில் நேரடிப் பச்சை டயோடை அறிவித்தது 2009-ல். அதற்குள் கடை மூடும் நேரமாகிவிட்டது. சோனி 2007 முடிவிலேயே பின்புற புரொஜெக்‌ஷன் டிவியையே கைவிடுவதாகச் சொன்னது, சாம்சங் மறு வருடத்தோடு நிறுத்தியது. எல்சிடி விலை மாதாமாதம் இறங்கிக்கொண்டிருந்தது. மிட்சுபிஷி மட்டும் 92 அங்குலம் வரை போய்ப் பார்த்து, 2012 டிசம்பரில் முடித்துக்கொண்டது.

எனக்கு இதில் உண்மையான வருத்தம் உண்டு. இந்த டிவி தோற்றது படத்தில் அல்ல. சரியான வெளிச்சம் கிடைத்த வருடமும் சுவரில் மாட்டும் டிவி மலிவான வருடமும் ஒன்றாகிப் போயின. அந்த லேசர் பெட்டியை இன்றைய பல எல்சிடிகளுக்குப் பக்கத்தில் வைத்தால் நிறத்தில் அது தலைகுனியாது.

ப்ளேனோ, டெக்சஸ்

அருமை. ஸ்காபரோ அண்ணா, நீங்கள் சொன்ன ஃபிரெனல் லென்ஸ் இன்னும் சாகவில்லை. சுவரை ஒட்டி வைக்கும் லேசர் டிவி என்று ஹைசென்ஸ் 2014-ல் 100 அங்குலத்தில் கொண்டுவந்தது இல்லையா? அது முன்பக்கமிருந்து வீழ்த்துவது. அவ்வகைத் திரைகள் பலவற்றில் அதே வட்ட வரிகள்தான் அறை வெளிச்சத்தை ஒதுக்கிவிட்டு, படத்தை மட்டும் நம் கண்ணுக்குத் திருப்புகின்றன. உள்ளே நீல லேசர் பொஸ்பரில் விழுந்து மற்ற நிறங்களைத் தரும் ஏற்பாடு முதலில் பரவியது. சிவப்பு, பச்சை, நீலம் மூன்றுக்கும் தனித்தனி லேசர் வைத்தது பின்னால் வந்தது. ஆனால் பின்புறப் பெட்டியே யாரிடமாவது இன்னும் வேலையில் இருக்கிறதா?

சென்னை

இருக்கிறது சார். வீட்டில் இல்லை, கன்ட்ரோல் ரூமில். மின் விநியோகம், போக்குவரத்து மாதிரியான இடங்களில் சுவர் முழுக்கத் திரைப் பெட்டிகளை அடுக்கியிருக்கும் வீடியோ வாலில், கியூப் என்று சொல்லும் அந்தப் பெட்டி ஒவ்வொன்றும் ஒரு பின்புற புரொஜெக்‌ஷன் டிவிதான். பார்கோ, டெல்டா, மிட்சுபிஷி எல்லாரும் செய்தார்கள். நான் அவற்றைப் பராமரிக்கிறவன்.

இங்கே திரை இரவு பகல் எரியும். வருடத்துக்கு 8,760 மணி நேரம். பாதரச விளக்குக் காலத்தில் ஒவ்வொரு கியூபுக்கும் வருடம் ஒன்றாவது மாற்ற வேண்டும். மாற்றிய கியூப் மட்டும் வெள்ளையாகவும் பக்கத்துக் கியூப் மஞ்சளாகவும் தெரியும். பிறகு ராத்திரி முழுக்க உட்கார்ந்து நிறத்தைச் சமன் செய்ய வேண்டும். ஒரு விளக்கு போனால் தானாக மாறிக்கொள்ள உள்ளேயே இன்னொன்று வைத்திருப்பார்கள். மின்தொடர் (கிரிட்) வரைபடத்தில் ஒரு சதுரம் கறுப்பானால் ஷிஃப்ட் எஞ்சினியர் படும் பதற்றத்தை நேரில் பார்த்தவன் நான்.

எல்இடி கியூப் வந்ததும் அந்தப் பயம் போய்விட்டது. 60,000 மணி நேரம் என்று போட்டிருப்பார்கள். வெளிச்சம் பாதியாகக் குறையும் வரைக்குமான கணக்கு அது, கிட்டத்தட்ட ஏழு வருடம் வரும். சென்சார் வைத்துப் பக்கத்துக் கியூபோடு தானே ஒத்துக்கொள்ளும். இப்போது லேசர் கியூப், வெளிச்சம் இன்னும் கூடுதல். ஒரே படம் வருடக்கணக்கில் நின்றாலும் டிஎல்பியில் தழும்பு விழாது. இரண்டு கியூபுக்கு நடுவே ஒரு மில்லிமீட்டர்கூட இடைவெளி தெரியாது. நெருக்கமாகப் பதித்த எல்இடி சுவர் இப்போது வேகமாக வருகிறது, புது இடங்களில் அதைத்தான் கேட்கிறார்கள். ஆனால் மணிக்கணக்கில் மெல்லிய கோடுகளையும் சின்ன எழுத்துகளையும் பார்க்கிறவர்கள் கியூபின் மென்மையான வெளிச்சம் கண்ணை உறுத்தவில்லை என்று என்னிடமே சொல்லியிருக்கிறார்கள்.

பழைய விளக்குக் கியூப் வைத்திருக்கும் அலுவலகங்களுக்கு ஒரு வார்த்தை. முழுச் சுவரையும் பிடுங்க வேண்டிய அவசியமில்லை. சட்டத்தையும் திரையையும் அப்படியே விட்டு, உள்ளே வெளிச்சத்தையும் படத்தையும் தரும் எஞ்சினை மட்டும் எல்இடி அல்லது லேசருக்கு மாற்றும் தொகுப்புகள் கிடைக்கின்றன. ஆர்டர் போடும் முன் திரையின் ஓரங்களையும் உள்கண்ணாடியில் படிந்த தூசியையும் பாருங்கள், ஏசி எந்தப் பக்கமிருந்து அடிக்கிறது என்றும் பாருங்கள். திரை வளைந்திருந்தால் எந்த எஞ்சின் போட்டாலும் ஓரம் சேராது, அதை முதலில் மாற்றச் சொல்லுங்கள்.