க்யூஜிஸ் வெள்ள நஷ்டக் கணக்கு: அந்த "ரெண்டு அடி" யாரு வீட்டு ரெண்டு அடி?

முடிச்சூர்வாசி:
நேத்து இந்தக் குழுவுல வரைபடக்காரன் ஒரு படம் போட்டிருந்தார். அடையாறு பொங்கினா முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் எத்தனை கோடி நஷ்டம்னு கணக்கு. விண்வெளியில இருந்து அளந்த எஸ்ஆர்டிஎம் நில உயரத் தரவையும், ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்ங்கிற இலவச வரைபடத்துல இருக்குற கட்டடங்களையும் க்யூஜிஸ்ங்கிற வரைபட மென்பொருள்ல ஏத்தி, ரெண்டு மணி நேரத்துல முடிச்சுட்டாராம். "வீடு வீடா ஆள் அனுப்பிக் கணக்கெடுக்குற காலம் முடிஞ்சுது"ன்னு கடைசி வரி. அதைப் படிச்சுட்டு எனக்குத் தூக்கம் வரல. கீழ பொடி எழுத்துல ஒண்ணு இருக்கு: "எல்லா வீட்டுக்கும் பேஸ்மென்ட் உயரம் ரோட்டுக்கு மேல 2 அடின்னு எடுத்துக்கிட்டேன்."

எந்த வீட்டுக்கு சார் ரெண்டு அடி? நாங்க 1996ல வீடு கட்டினப்போ வாசல்ல நாலு படி ஏறணும். அன்னிக்கு உங்க ரெண்டு அடி சரி. அதுக்கப்புறம் ஒவ்வொரு தடவையும் பழைய தாரைச் சுரண்டாம மேலயே போட்டுப் போட்டு, இன்னிக்கு கேட்டைத் திறந்தா ரெண்டு படி இறங்கித்தான் வீட்டுக்குள்ள போறோம். 2015 டிசம்பர் 2ஆம் தேதி காலைல, தாம்பரத்துல 49 செ.மீ. கொட்டின மறுநாள், ரோட்டுல தண்ணி 3 அடி. எங்க ஹால்ல 4 அடி. ஸ்விட்ச் போர்டு வரைக்கும் கறை இன்னும் இருக்கு, பெயின்ட் அடிச்சும் போகல. உங்க கணக்குல எங்க ஹால்ல 1 அடிதான். ஒரு அடின்னா கட்டில் காலோட போச்சு. நாலு அடின்னா பீரோ, மெத்தை, மிக்ஸி, பத்திரம், பையனோட சர்ட்டிபிகேட் எல்லாம் போச்சு.

வரைபடக்காரன்:
சார், உங்க வலி புரியுது. ஆனா ரெண்டு அடிங்கிறது அட்டவணைல ஒரு பத்தியில இருக்குற எண். மாத்திட்டு மறுபடி ஓட்டினா அஞ்சு நிமிஷம். உலகம் பூரா இப்படித்தான் செய்றாங்க. அமெரிக்காவுல ஃபீமாங்கிற பேரிடர் நிர்வாக அமைப்பு 1997ல இருந்து ஹேஸஸ்னு ஒரு நஷ்டக் கணக்கு மென்பொருள் வச்சிருக்கு. முதல்ல நிலநடுக்கத்துக்கு, பிறகு வெள்ளத்துக்கும் புயலுக்கும். அதுவும் வீடு வீடா போய் அளக்கிறதில்ல. அஸ்திவாரம் என்ன வகைன்னு பார்த்து முதல் தளத்தோட உயரத்தை ஊகிக்குது. உள்ள எத்தனை அடி தண்ணின்னு வந்ததும், ஆழத்துக்கு இத்தனை சதவீதம் சேதம்னு ஒரு வளைவுகோட்டை வச்சுக் கணக்குப் போடுது. ஒரு வீட்டுக்குத் தப்பா வரலாம். ஆயிரம் வீட்டுக்கு மொத்தமாப் பார்த்தா கூடக்குறைய அடிச்சுப் போயிடும்.

முடிச்சூர்வாசி:
அடிச்சுப் போகாது! பாதி வீடு மேல, பாதி வீடு கீழ இருந்தா அடிச்சுப் போகும். எங்க ஏரியாவுல பழைய வீடு அத்தனையும் ஒரே பக்கம், கீழ. பழைய வீட்டுல யாரு இருக்கா? பென்ஷன்காரரும், தூக்கிக் கட்ட வசதி இல்லாதவரும். வசதி இருக்கிறவர் ஜாக்கி போட்டு வீட்டையே தூக்கிட்டார். ஒரே பக்கமா சாயுற தராசுல எத்தனை மூட்டை வச்சாலும் எடை தப்புதான். ரெண்டு அடி எங்கிருந்து வந்ததுன்னு கேட்டேன். அதுக்குப் பதில் வரல.

பொறியாளன்77:
ரெண்டு பேரும் மயிரைப் பிளக்கிறீங்க. எஸ்ஆர்டிஎம் 2000 பிப்ரவரியில விண்ணோடத்துல இருந்து ரேடார் வச்சு எடுத்தது. ஒரு கட்டம் 30 மீட்டர். அதுக்குள்ள ஒரு வீடு, ஒரு வேப்பமரம், பாதித் தெரு எல்லாம் சேர்ந்து ஒரே உயரம். அதுவும் தரையோட உயரம் இல்ல, கூரையும் மரமும் சேர்ந்த உயரம். அவங்க வச்ச இலக்கே 16 மீட்டர் பிழைக்குள்ள இருக்கணும்ங்கிறதுதான். நடைமுறையில அதைவிட நல்லாவே வருது, இருந்தாலும் மீட்டர் கணக்குலதான் பிழை. அடித்தளமே ஆடுறப்போ ரெண்டு அடிக்கு என்ன சண்டை?

முடிச்சூர்வாசி:
உங்களுக்கு அது எண். நான் அந்தத் தண்ணிக்குள்ள என் அம்மாவை நாற்காலியோட தூக்கிக்கிட்டு மாடிக்குப் போனவன். ரெண்டு அடி மயிர் இல்ல.

வரைபடக்காரன்:
77 சொல்றது எனக்கும் தெரியும், அதை மறைக்கல. நான் செஞ்சது எந்தத் தெருவுக்கு முதல்ல போகணும்னு காட்டுற வேலை. முடிச்சூர் சார், நீங்க போன வருஷம் இங்க பள்ளிக்கரணை பத்தின விவாதத் திரியிலயும் இதேதான் பண்ணீங்க. சதுப்புநில எல்லையைப் பத்திப் பேச வந்தவங்க எல்லாரையும் விரட்டிட்டு நீங்க மட்டும் நாப்பது பதிவு போட்டீங்க.

முடிச்சூர்வாசி:
போட்டேன், இன்னும் போடுவேன். அந்தத் திரியில என்னை "கம்ப்யூட்டர் தெரியாத பெரியவர்"னு எழுதினது யாருன்னும் ஞாபகம் இருக்கு. நான் முப்பது வருஷம் சர்வே வேலை பார்த்தவன். மட்டம் பார்க்குற டம்பி லெவல் கருவியும் அளவுகோலும் தூக்கிக்கிட்டு வெயில்ல நின்னவன். ஒரு அங்குலம் தப்பினா தண்ணி ஓடாதுன்னு எனக்குத் தெரியும்.

வாடகைவீடு:
முடிச்சூர் அண்ணா, வீடு வீடா கணக்கெடுக்க வந்தவங்களும் எங்களை விட்டுட்டுத்தான் போனாங்க. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலப்போ 6,000 ரூபா நிவாரணம் ரேஷன் கார்டுக்குத்தான்னு முதல்ல சொன்னாங்க. எங்க கார்டு ஊர்ல, மாமியார் வீட்டு விலாசத்துல இருக்கு. கார்டு இல்லாதவங்க மனு குடுக்கலாம்னாங்க, வரிசையில நின்னு குடுத்தோம், ஒண்ணும் வரல. தையல் மெஷின் மோட்டாரும், தைக்கக் குடுத்திருந்த ரவிக்கைத் துணியும் சேத்துல போச்சு. துணிக்காரங்களுக்கு நான்தான் பணம் குடுத்தேன். அந்தக் கணக்கு எந்தப் படத்துல வரும்?

வரைபடக்காரன்:
அதைத்தான் அக்கா நானும் சொல்றேன். மென்பொருள் கார்டு கேட்காது. கூரை தெரிஞ்சா போதும், உள்ள குடித்தனம் இருக்குன்னு எடுத்துக்கும்.

வாடகைவீடு:
கூரைக்குக் கீழ மூணு குடித்தனம் இருந்தா? எங்க வீட்டுக்காரர் தடுப்பு வச்சு மூணா வாடகைக்கு விட்டிருக்கார். உங்க படத்துல ஒரே ஒரு கட்டம் தம்பி.

பொருநைக்கரை:
எல்லாரும் மெட்ராஸ் மெட்ராஸ்னே பேசுதீய. மிக்ஜாம் போயி ரெண்டு வாரத்துல, 2023 டிசம்பர் 17, 18ல காயல்பட்டினத்துல 24 மணி நேரத்துல 95 செ.மீ. பெஞ்சுது. ஒரு வருசத்துக்குப் பெய்ய வேண்டிய மழை ஒரே நாள்ல. ஸ்ரீவைகுண்டம், ஏரல் எல்லாம் தீவாயிட்டு. தூத்துக்குடி உப்பளத்தைச் செயற்கைக்கோள் படத்துல பார்த்தா நல்ல நாள்லயும் தண்ணியாத்தானே தெரியும்? வெள்ளத்துக்கு முன்னாடி எடுத்த படத்தைக் கழிச்சா, "இது எப்பவும் தண்ணி"ன்னு உப்பளம் கணக்குலயே வராது. குவிச்சு வச்ச உப்பு அம்பாரம் கரைஞ்சு போனதை எந்த ரேடார் பாக்கும்? வாழை அதைவிட மோசம். தண்ணி வடிஞ்ச மறுநாள் பச்சையாத்தான் நிக்கும். கெழங்கு அழுகி ஒரு வாரம் கழிச்சு இலை மஞ்சளாகி மரம் சாயும்.

பொறியாளன்77:
இதுதான் உருப்படியான கேள்வி. அந்த நேரத்துல ஐரோப்பாவோட சென்டினல்-1 ரேடார் செயற்கைக்கோள் வரிசையில ஒரே செயற்கைக்கோள்தான் ஓடிக்கிட்டிருந்தது. அதே பாதைக்குத் திரும்பி வர 12 நாள் ஆகும். ரேடார் மேகத்தைத் தாண்டிப் பார்க்கும், சரி. ஊருக்குள்ள சுவர்ல பட்டுத் திரும்பி வர்ற அலை கலந்து, தெருவுல நிக்குற தண்ணி சரியாத் தெரியாது. வயல்வெளின்னா நல்லாத் தெரியும்.

முடிச்சூர்வாசி:
வாழை, உப்பு, அலை எல்லாம் சரிதான். ரெண்டு அடிக்கு வாங்க.

பொருநைக்கரை:
அண்ணாச்சி, எங்க ஊரு அழிஞ்ச கதை உமக்கு "எல்லாம் சரிதான்"னு ஒத்த வரியா? உம்ம வீட்டு ஹாலுக்கு மட்டும் பத்து வரியா?

முடிச்சூர்வாசி:
தப்பா எடுத்துக்காதீங்க தம்பி. உங்க ஊர்லயும் இதே வியாதிதான் வரும்னுதான் சொல்றேன். இன்னிக்கு ரெண்டு அடின்னு ஒருத்தர் போடுவார், நாளைக்கு அதையே பார்த்து இன்னொருத்தர் போடுவார். அப்புறம் ஒரு ஆபீஸ்ல அந்தத் தொகையைக் காட்டி "உங்க தெருவுல நஷ்டம் இவ்வளவுதான்"ம்பாங்க. எனக்கு அப்படி ஒரு தாளைக் காட்டியிருக்காங்க. அதனாலதான் விட மாட்டேங்கிறேன்.

காலைல டேப்பும் மட்டம் பார்க்குற தண்ணிக் குழாயும் எடுத்துக்கிட்டு எங்க தெருவுல அளந்தேன். எங்க வீடு ரோட்டுக்கு 13 அங்குலம் கீழ. பக்கத்து வீடு 9 அங்குலம் கீழ. எதிர்வீடு ரோட்டு மட்டம். மூலைல ஜாக்கி போட்டுத் தூக்கின வீடு மட்டும் 3 அடி மேல. சரியா ரெண்டு அடி மேல இருக்குற வீடு ஒண்ணுகூட இல்ல. அளக்க ஒரு மணி நேரம்கூட ஆகல.

வரைபடக்காரன்:
அருமை சார், நெஜமாத்தான் சொல்றேன். அந்த அளவை எல்லாம் வீட்டு நம்பரோட அனுப்புங்க, ஏத்திடறேன். ஆனா நாலு வீட்டை மாத்தினா மொத்தத் தொகை பெருசா மாறாது.

முடிச்சூர்வாசி:
மாறாதுன்னு ஓட்டிப் பார்க்காமலே எப்படிச் சொல்றீங்க? முதல்ல உங்க படத்துல இருக்குற அந்தக் கடைசி வரியை எடுங்க. அப்புறம் அனுப்புறேன்.

வரைபடக்காரன்:
வரியை எடுக்க மாட்டேன். வேணும்னா பொடி எழுத்தைப் பெருசாக்குறேன்.

வாடகைவீடு:
மூணு குடித்தனத்துக்கு யாரும் பதில் சொல்லல.

முடிச்சூர்வாசி:
அடுத்த தெருவையும் அளந்துட்டு ஞாயித்துக்கிழமை வர்றேன். ரெண்டு அடி எங்கிருந்து வந்ததுன்னு அதுக்குள்ள யாராவது சொல்லுங்க.