"இந்த வருஷம் எங்களுக்குக் கிறிஸ்மஸ் இல்லை" என்று சொன்ன வீடுகளிலிருந்து

நரிமேட்டிலிருந்து ஒரு சகோதரி

எல்லோருக்கும் ஸ்தோத்திரம். துக்கம் நடந்த வீட்டில் அந்த வருஷம் "எங்களுக்குக் கிறிஸ்மஸ் இல்லை" என்று சொல்வது நம் பக்கத்து வழக்கம். நட்சத்திரம் கட்டுவதில்லை, புதுத்துணி எடுப்பதில்லை, அதிரசத்துக்கும் முறுக்குக்கும் அடுப்பு மூட்டுவதில்லை. வீடு வீடாகக் கிறிஸ்மஸ் பாட்டுப் பாடி கேரல் ரவுண்ட்ஸ் வரும் பிள்ளைகள்கூட அந்த வாசலை மெதுவாகத் தாண்டிப் போய்விடுவார்கள். அப்படி ஒரு வருஷத்தைக் கடந்தவர்கள், வேலை, நோய் என்று வேறு காரணத்தால் பண்டிகைக்கு வெளியே நின்றவர்கள், அந்த நாளில் ஆண்டவரை எப்படிச் சந்தித்தீர்கள் என்று எழுதுங்கள். முதலில் என்னுடையதைச் சொல்கிறேன்.

அப்பா ஆகஸ்டில் இறந்தார். டிசம்பர் பிறந்ததும் பெரியப்பா வந்து, "இந்த வருஷம் நமக்கு ஒண்ணும் வேண்டாம்மா" என்றார். அம்மா தலையை மட்டும் ஆட்டினார்.

கேரல் பிள்ளைகள் எங்கள் தெருவுக்கு வரும்போது ராத்திரி பதினொன்று தாண்டியிருந்தது. எதிர்வீட்டில் பாடிவிட்டு எங்கள் வாசலுக்கு வந்ததும் டிரம் நின்றது. கிறிஸ்மஸ் தாத்தா வேஷம் போட்ட பையன் முகமூடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். அம்மா கதவைத் திறந்து படியில் நின்று, "ஏன்யா, எங்க வீட்டுக்குப் பாட மாட்டீங்களா?" என்று கேட்டார். யாருக்கும் பதில் வரவில்லை. "அவர் செத்துப்போனதுனால இயேசு பிறக்காமப் போயிட்டாரா? பாடுங்கப்பா."

பாடினார்கள். டிரம் இல்லாமல், அப்பாவுக்குப் பிடித்த பழைய கீர்த்தனை ஒன்று. அம்மா கடைசிவரை நின்று கேட்டுவிட்டு, காணிக்கைக் கவரைக் கொடுத்து அனுப்பினார்.

அதற்குப் பிறகுதான், இயேசு பிறந்த கதை வரும் லூக்கா இரண்டாம் அதிகாரத்தை நான் கடைசிவரை நிதானமாகப் படித்தேன். கேரல் ஆராதனையில் மேய்ப்பர்கள் திரும்பிப் போவதோடு வாசிப்பை முடித்துவிடுகிறோம். அதைத் தாண்டிப் போனால் எருசலேம் தேவாலயத்தில் அன்னாள் வருகிறார். கல்யாணமாகி ஏழே வருஷம் கணவனோடு வாழ்ந்தவர், எண்பத்துநாலு வயது விதவை. குழந்தையைப் பார்த்ததும் கர்த்தரைப் புகழ்ந்து, மீட்புக்குக் காத்திருந்த எல்லோரிடமும் அந்தப் பிள்ளையைப் பற்றிப் பேசுகிறார். நம் ஊரில் மகளின் கல்யாணத்திலேயே விதவைத் தாய் தூணுக்குப் பின்னால் நிற்கிறாள். கிறிஸ்தவ வீடுகளும் இதற்கு விலக்கில்லை, கண்ணால் பார்த்திருக்கிறேன். ஆனால் இந்தப் பிள்ளையைப் பார்த்துச் சந்தோஷப்பட்டவர்கள் வரிசையில் லூக்கா ஒரு விதவையைப் பெயர் சொல்லி, வயது சொல்லி, முன்னால் நிறுத்தியிருக்கிறார். அம்மாவிடம் அந்தப் பகுதியைப் படித்துக் காட்டினேன். "இன்னொரு தடவை படி" என்றார். 25-ஆம் தேதி அதிகாலை ஆராதனைக்கு, துவைத்துக் கட்டிய பழைய சேலையில், முன்வரிசையில் போய் உட்கார்ந்தார். எப்போதும் பின்னால் உட்காருகிறவர் அவர். எனக்குக் கிறிஸ்மஸ் அந்த வருஷம்தான் என் சொந்த நாளாக ஆனது.

பசுமலை, ஓய்வுபெற்ற ஆசிரியர்

அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். அவர் கேட்ட கேள்வி ஒரு பிரசங்கத்துக்குச் சமம்.

ஆனால் ஒன்று. இதைப் படித்துவிட்டு, கொண்டாட்டமே வெளிப்பூச்சு என்ற முடிவுக்கு யாரும் போய்விடக் கூடாது. "புதுத்துணியில் இல்லை கிறிஸ்மஸ், கேக்கில் இல்லை கிறிஸ்மஸ்" என்று டிசம்பர்தோறும் கேட்கிறோம். சின்ன வயதில் எனக்கு வருஷத்துக்கு ஒரு சட்டை, அதுவும் கிறிஸ்மஸுக்குத்தான். 24-ஆம் தேதி ராத்திரி வரை அப்பா தையல்கடையில் காத்துக் கிடந்து வாங்கி வருவார். பட்டன் தைத்திருக்காது. அம்மா சிம்னி விளக்கு வெளிச்சத்தில் உட்கார்ந்து தைப்பார். அந்தத் துணியின் கஞ்சி வாசனையோடு விடியற்காலை ஆராதனைக்குப் போய் நின்றபோது, கடவுள் என்னை நினைத்திருக்கிறார் என்று நம்பினேன். இன்றைக்கும் நம்புகிறேன். வார்த்தை மாம்சமானார் என்று யோவான் எழுதுகிறார். உடம்போடு வந்த கடவுள் ஒரு சின்னப் பையனின் உடம்புக்குக் கிடைத்த சந்தோஷத்தைச் சிறியது என்று சொல்ல மாட்டார். துக்க வீட்டிலும் பிள்ளைகளுக்காவது ஒரு சட்டை எடுத்துக் கொடுங்கள் என்பதுதான் என் வேண்டுகோள்.

தேதியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், மாணவர்கள் அடிக்கடி கேட்டது இது. டிசம்பர் 25 என்று வேதத்தில் இல்லை. அந்தத் தேதியைச் சொல்லும் பழைய ரோமானியச் சான்று 354-ஆம் ஆண்டு நாட்காட்டித் தொகுப்பில் இருக்கிறது. ஆர்மீனியத் திருச்சபை இன்றும் ஜனவரி 6-ஆம் தேதிதான் கொண்டாடுகிறது. "அப்ப இது பொய்யா சார்?" என்பார்கள். எங்கள் தலைமுறையில் பாதிப் பேருக்குப் பிறந்தநாள் என்பது பள்ளியில் சேர்க்கும்போது தலைமையாசிரியர் போட்ட தேதி. அதனால் நாங்கள் பிறந்தது பொய்யாகிவிடவில்லை என்று சொல்வேன்.

ஒரு செவிலியர், மதுரை

பிரசவ வார்டில் வேலை. ஒரு வருஷம் 24-ஆம் தேதி நைட் டூட்டி விழுந்தது. கல்யாணமான பிறகு வந்த முதல் கிறிஸ்மஸ் அது. வீட்டில் எல்லோரும் கோயிலுக்குக் கிளம்ப, நான் யூனிஃபார்ம் மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

உசிலம்பட்டி பக்கத்துப் பெண், தலைப்பிரசவம். நள்ளிரவு தாண்டிக் குழந்தை பிறந்தது. வெளியே இருந்த பாட்டியிடம் துணி கேட்டேன். துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆகிவிட்ட பழைய வேட்டியைக் கிழித்து மடித்து வைத்திருந்தார். பிறந்த பிள்ளைக்கு நம் பக்கம் புதுத்துணி போடுவதில்லை, பழசுதான் உடம்பை உறுத்தாது. அதில் சுற்றிக் கையில் ஏந்தினேன். மரியாள் பிள்ளையைத் துணிகளில் சுற்றினாள் என்பதை வருஷாவருஷம் கேட்டிருக்கிறேன். கர்த்தர் இப்படித்தான், இரண்டரை கிலோ எடையில், கழுத்து நிற்காமல், யாராவது தாங்கிப் பிடித்தால்தான் உண்டு என்ற நிலையில் வந்தார் என்பது அந்த நிமிஷம் என் கைக்குத் தெரிந்தது. பாட்டி இந்து. நான் மனசுக்குள் ஜெபம் பண்ணிக்கொண்டே பிள்ளையை அவரிடம் கொடுத்தேன்.

இப்போதும் 24-ஆம் தேதி டூட்டி வந்தால் மாற்றிக் கேட்பதில்லை.

அண்ணா நகர்

நான் கிறிஸ்தவன் இல்லை, எழுதலாமா என்று யோசித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். எங்கள் அப்பா இறந்த வருஷம் எங்களுக்குத் தீபாவளி இல்லை. மாடியில் ஒரு கத்தோலிக்கக் குடும்பம். அந்த வீட்டு அக்கா தீபாவளியன்றைக்கே பலகாரம் செய்து கொண்டுவந்து, "பிள்ளைக வாய் சும்மா இருக்கக் கூடாது" என்று கொடுத்துவிட்டுப் போனார். டிசம்பரில் அவர்கள் வீட்டுக் குடிலில் குழந்தை இயேசு சுரூபத்தை வைக்க என் மகளைக் கூப்பிட்டார்கள். துக்க வீட்டுப் பிள்ளையாச்சே என்று என் மனைவி தயங்கினாள். "அதனாலதாம்மா கூப்பிடுறேன்" என்றார் அந்த அக்கா. அதன் அர்த்தம் எனக்கு முழுதாகப் புரிந்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் அன்றைக்கு என் மகள் சிரித்ததைப் பார்த்தேன்.

இடைக்காட்டூர் பக்கம்

நர்ஸ் சகோதரி எழுதியதைப் படித்ததும் எங்கள் அய்யா ஒரு ராத்திரி கேட்ட கேள்வி ஞாபகம் வந்தது.

எங்கள் ஊர்க்காரர்கள் பூசைக்குப் போவது இடைக்காட்டூர் திரு இருதய ஆண்டவர் கோயிலுக்கு. பிரெஞ்சு நாட்டு இயேசு சபைக் குருவானவர் ஃபெர்டினாண்டு செல் 1894-ல் கட்டியது, பிரான்ஸின் ரெய்ம்ஸ் நகரப் பேராலயத்தின் சாயல். கிறிஸ்மஸ் ராத்திரிப் பூசைக்குச் சுற்றுப்பட்டு ஊர்ச் சனமெல்லாம் அங்கேதான் இருக்கும், அய்யாவைத் தவிர.

அய்யா செம்மறிக் கிடை போட்டுப் பிழைத்தவர். ராத்திரியில் ஒருவர் நிலத்தில் ஆட்டை மடக்கினால் புழுக்கையும் மூத்திரமும் மண்ணுக்கு உரம், நிலத்துக்காரர் கிடைக்கூலி கொடுப்பார். இளங்குட்டிகளைக் குடாப்புக்குள், அதாவது பெரிய கூடைக்குள், கவிழ்த்துவிட்டு, கம்பும் டார்ச்சுமாக முழித்துக் கிடக்க வேண்டும். நரி வரும், தெருநாய் வரும், ஆடு திருடுகிறவனும் வருவான். கிடையை விட்டு ராத்திரியில் நகரவே முடியாது. அதனால் எனக்கு நினைவு தெரிந்து அய்யா கிறிஸ்மஸ் பூசை கண்டதில்லை. "கோயில் பக்கமே வராத ஆளு" என்று ஊரில் சிலர் பேசினார்கள். எனக்கும் அது உள்ளுக்குள் குறையாகவே இருந்தது.

நான் பத்தாவது படிக்கும்போது கிறிஸ்மஸ் சமயத்தில் அண்ணனுக்குக் காய்ச்சல். கிடைக்குத் துணைக்கு நான் போக வேண்டியதாயிற்று. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நல்ல பனி. கோயில் மணிச் சத்தம் காற்றில் வந்தது. அய்யா எழுந்து தலைத்துண்டை அவிழ்த்துவிட்டுச் சிலுவை அடையாளம் போட்டார். கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டார் (சம்மனசு என்றால் தேவதூதர்):

"ஏப்பா, சம்மனசு வந்து சொன்னதும் இடையருக எல்லாரும் பெத்லகேமுக்கு ஓடுனாகல்ல, ஆட்டை யாருகிட்ட விட்டுட்டுப் போனாக?"

"பைபிள்ல அது இல்லைய்யா" என்றேன்.

"இருக்காது. ஆனா ஒருத்தன் இருந்திருப்பான். ராத்திரியில ஆட்டைத் தனியா விட்டுட்டு எவனும் போக மாட்டான். இவங்க திரும்பி வந்து மொதல்ல அவன்கிட்டத்தான் சொல்லியிருப்பாக."

அய்யாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அத்தனை வருஷமும் தன்னை அந்த ஒருத்தனாக நினைத்துத்தான் கிடையில் இருந்திருக்கிறார் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அம்மா எல்லாக் கிறிஸ்மஸுக்கும் பூசை முடிந்த கையோடு தூக்குச்சட்டியில் சோறு எடுத்துக்கொண்டு கிடைக்குப் போவார். சாமியார் என்ன பிரசங்கம் வைத்தார், குடில் எப்படி இருந்தது, யார் யார் வந்தார்கள் என்று ஒன்று விடாமல் அய்யாவிடம் சொல்வார். சோறு கொடுக்கத்தான் போகிறார் என்று நினைத்திருந்தேன். மேய்ப்பர்கள் கடவுளைப் புகழ்ந்துகொண்டே திரும்பிப் போனார்கள் என்று லூக்காவில் வரும் இடத்தை வாசிக்கக் கேட்கும்போதெல்லாம், தூக்குச்சட்டியோடு வரப்பில் நடக்கிற அம்மாதான் கண்ணுக்குத் தெரிகிறார்.

அந்த ஒருத்தனுக்குச் செய்தி போய்ச் சேர்ந்தால்தான் கிறிஸ்மஸ் முடிகிறது என்று நான் நம்புகிறேன். நடுநிசிப் பூசைக்கு வர முடியாதவர்கள் நம் ஒவ்வொருவர் வீட்டிலும் தெருவிலும் இருக்கிறார்கள்.

மதுரை, கீழவெளி வீதிப் பக்கம்

எல்லோரும் எழுதியதைப் படித்துவிட்டு ரொம்ப நேரம் கழித்து எழுதுகிறேன்.

எங்களுக்கு ஒரு பிள்ளை பிறந்து தங்கவில்லை. வீட்டில் பெரியவர்கள், "அதைப் பத்திப் பேசாதே, அடுத்தது நல்லபடியா வரும்" என்றார்கள். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார்கள். ஆனால் நாங்கள் மனசுக்குள் வைத்திருந்த பெயரைச் சொல்ல ஒரு இடம் இல்லாமல் போனது. அந்த வருஷம் குடிலைப் பார்க்கவே என்னால் முடியவில்லை. கண்ணை மூடிக்கொண்டுதான் திருப்பலியில் நின்றேன்.

25-ஆம் தேதி முடிந்து மூன்றாம் நாள், டிசம்பர் 28, மாசில்லாக் குழந்தைகள் திருநாள். ஏரோது பெத்லகேமில் கொன்றுபோட்ட இரண்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளின் நினைவு. கிறிஸ்மஸ் மகிழ்ச்சி ஆறுவதற்குள் திருச்சபை இந்த நாளை ஏன் வைத்தது என்று முன்பெல்லாம் நினைப்பேன். அந்த வருஷம் வாசகத்தைக் கேட்டபோது ஒரு வரி என்னைப் பிடித்துக்கொண்டது. இஸ்ரயேலரின் ஆதித்தாய்களில் ஒருத்தியான ராகேல் தன் பிள்ளைகளுக்காக அழுகிறாள், ஆறுதல் பெற அவளுக்கு மனமில்லை என்று மத்தேயு எழுதுகிறார். எழுதிவிட்டு அவளுக்கு அவசரமாக ஆறுதல் சொல்லவில்லை. அழட்டும் என்று விட்டுவிட்டார். என்னிடம் யாரும் அப்படி நடந்துகொள்ளவில்லை. இயேசு பிறந்த கதைக்குள்ளேயே என்னைப் போன்ற தாய்மார்கள் நிற்கிறார்கள், அவர்களை ஓரமாகப் போகச் சொல்லி அந்தக் கதை எழுதப்படவில்லை என்று தெரிந்தபோது, குடிலுக்கு முன்னால் போய் நிற்க முடிந்தது. பிள்ளையின் பெயரை அங்கேதான் முதல் தடவை வாய்விட்டுச் சொன்னேன்.

இந்த வருஷமும் 28-ஆம் தேதி வியாகுல அன்னை பேராலயத்துக் காலைப் பூசைக்குப் போகிறேன். பெயர் வைத்தும் கூப்பிடக் கொடுத்துவைக்காத பிள்ளை யாருக்காவது இருந்தால் வாருங்கள், எந்தச் சபையாக இருந்தாலும் சரி, ஒன்றாக உட்காருவோம். பிள்ளையின் பெயரைப் பூசைக் கருத்தில், அதாவது அந்தப் பூசையின் வேண்டுதலில், சேர்க்க வேண்டுமென்றால் முந்தின நாளே கோயில் அலுவலகத்தில் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.