அழகும் கடினமும் சேர்ந்த கோல்ஃப் திடல்: டிசம்பர் விடுமுறைக்கு எங்கே செல்லலாம்?

பட்டர்வொர்த் ஆட்டக்காரர்:

அன்பர்கள் அனைவருக்கும் வணக்கம். பினாங்குத் தீவில் புக்கிட் ஜம்புல் திடலிலும், அவ்வப்போது சுங்கை பாக்காப் பக்கம் புக்கிட் ஜாவியிலும் ஆடி வருகிறேன். என் ஹேண்டிகேப் (ஆட்டத் திறனைக் காட்டும் எண்; குறையக் குறையத் திறமை அதிகம்) 19. வரும் டிசம்பர் பள்ளி விடுமுறையில் குடும்பத்தோடு வெளியூர் செல்லவிருக்கிறோம். அதில் ஒரு காலைப் பொழுதை மட்டும் என் ஆட்டத்துக்கென ஒதுக்கிக்கொள்ள வீட்டில் சம்மதம் கிடைத்திருக்கிறது. கிடைப்பது ஒரே ஆட்டம் என்பதால், கண்ணுக்கு நிறைவாகவும், ஆடி முடித்த பின்னும் நெடுநாள் நினைத்துப் பேசும்படி கடினமாகவும் உள்ள திடலில் ஆட விரும்புகிறேன். ஜொகூரின் டெசாரு கடற்கரைத் திடல்கள் மனத்தில் இருக்கின்றன. மனைவியும் பிள்ளைகளும் ஆடுவதில்லை என்பதால் அவர்களுக்கும் அருகில் பார்ப்பதற்கு ஏதாவது இருக்க வேண்டும். ஆடிப் பார்த்தவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பெட்டாலிங் ஜெயா அன்பர்:

டெசாரு நல்ல தேர்வுதான். கோல்ஃப் வீரர் எர்னி எல்ஸ் வடிவமைத்த 27 குழி ஓஷன் (Ocean) திடலும், மற்றொரு வீரரான விஜய் சிங்குடன் சேர்ந்து அவர் உருவாக்கிய 18 குழி வேலி (Valley) திடலும் அங்கே உள்ளன. ஆனால் நீங்கள் சொல்லும் மாதம்தான் இடிக்கிறது. வடகிழக்குப் பருவக்காற்று டிசம்பரில் தென்சீனக் கடலைக் கடந்து நேராக அந்தக் கரையில் வந்து மோதும். நாள் முழுக்க மழை பிடித்துக்கொண்டால் உங்களுடைய ஒரே காலைப் பொழுதும் வீணாகிவிடும். அதே மாதத்தில் மேற்குக் கரையின் வடகோடியில் மழை ஓயத் தொடங்கி, லங்காவியில் வறண்ட பருவம் பிறக்கிறது. ஆகையால் தெலுக் டத்தாயில் உள்ள எல்ஸ் கிளப்பையே தயங்காமல் பரிந்துரைப்பேன்.

மச்சிஞ்சாங் மலையடிவாரத்து மழைக்காட்டுக்குள் அமைந்த திடல் அது. பழைய திடலை எல்ஸ் முழுமையாக மாற்றியமைத்து 2014இல் திறந்தார். பந்தைச் சிக்கவைக்கும் மணல்பள்ளமான பங்கர் ஒன்றுகூட அங்கே கிடையாது. பங்கர் இல்லையென்றால் எளிதாக இருக்கும் என்று பலர் எண்ணுகிறார்கள். ஆடிப் பார்த்தால்தான் உண்மை விளங்கும். நம் வழக்கமான திடல்களில் ஃபேர்வேயை (குழி நோக்கிச் செல்லும் புல்வெளிப் பாதையை) விட்டு விலகும் பந்தைப் பல நேரங்களில் பங்கர் பிடித்து நிறுத்திவிடும், ஓர் அடி கூடினாலும் ஆட்டம் தொடரும். டத்தாயில் அப்படித் தடுத்து நிறுத்த எதுவும் இல்லாததால், பந்து ஓடையிலோ காட்டிலோ மறைந்துவிடும். இருபுறமும் நெடுமரங்கள் சுவர் எழுப்பியதுபோல் நிற்கும் ஃபேர்வேயில் ஆடிக்கொண்டே வந்து, சட்டென்று அந்தமான் கடல் திறந்துகொள்ளும் குழிகளை அடையும்போது நமக்கு அடிக்கவே மனம் வராது. இருவாச்சிப் பறவைகள் தலைக்கு மேல் பறக்கும் ஓசை கேட்கும்.

செராஸ் ஆட்டக்காரி:

பெட்டாலிங் ஜெயா அன்பர் சொன்னதை வழிமொழிகிறேன். கூடவே ஒன்றை வலியுறுத்த வேண்டும்: எந்தத் திடல் என்பதைப் போலவே எந்த டீயிலிருந்து (ஒரு குழிக்கான முதல் அடியை அடிக்கும் இடத்திலிருந்து) தொடங்குகிறீர்கள் என்பதும் முக்கியம். ஸ்லோப் ரேட்டிங் என்ற எண் 55 முதல் 155 வரை செல்லும். 113 என்பது நடுத்தரம். தேர்ந்த ஆட்டக்காரரைவிட, ஏறத்தாழ 20 ஹேண்டிகேப் உள்ள ஒருவருக்கு அந்தத் திடல் எவ்வளவு கூடுதலாகக் கடினம் என்பதையே அது காட்டுகிறது. அதாவது, உங்களைப் போன்ற ஒருவரை மனத்தில் வைத்துக் கணக்கிடப்படும் எண் அது. ஒரே திடலில் ஒவ்வொரு டீக்கும் தனித்தனி எண் உண்டு, ஆட்ட அட்டையிலேயே அச்சிட்டிருப்பார்கள். விடுமுறைக்கு வந்த ஆண்கள் பலர் குழிக்கு மிகத் தொலைவிலுள்ள பின் டீயில் நின்றால்தான் பெருமை என்று நினைத்து, முழு ஆட்டத்தையும் பந்து தேடுவதிலேயே கழிப்பதைப் பார்க்க வருத்தமாக இருக்கிறது. கடினமான திடலுக்கு நாம் செய்யும் மரியாதை, நம் அடி எட்டும் டீயிலிருந்து அதை ஆடுவதுதான்.

கிரீனில், அதாவது குழியைச் சுற்றியுள்ள குட்டைப் புல்தரையில், புல் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதையும் பாருங்கள். நம் நாட்டு வெயிலில் இது பந்தின் போக்கையே மாற்றும். குழியின் விளிம்பைக் குனிந்து கவனித்தால், ஒரு பக்கம் கூர்மையாகவும் மறுபக்கம் சற்றுப் பிய்ந்து பழுப்பேறியும் இருக்கும். பிய்ந்த பக்கத்தை நோக்கித்தான் புல் வளர்கிறது. அந்தத் திசையில் தட்டும் பந்து வேகமாக ஓடும், எதிர்த்திசையில் தயங்கி நின்றுவிடும்.

பிரிக்பீல்ட்ஸ் மூத்தவர்:

இருவரும் சொல்வது சரியே, ஆயினும் தலைநகரை ஒரேயடியாக ஒதுக்கிவிட வேண்டாம் என்பது என் கருத்து. தம்பி, சுபாங் விமான நிலையத்துக்கு அருகிலுள்ள சௌஜானாவின் பாம் திடல் செம்பனைத் தோட்டமாக இருந்த நிலத்தில் ரொனால்ட் ஃப்ரீம் வடிவமைத்தது. அதை ஆட்டக்காரர்கள் நாகம் என்றே அழைக்கிறார்கள். பள்ளத்தைத் தாண்டி அடிக்க வேண்டிய அதன் இரண்டாம் குழி, பார் 3தான் (மூன்று அடியில் முடிக்க வேண்டியதுதான்) என்றாலும், அங்கே நான்கில் முடித்தவர் மனநிறைவோடு நடக்கலாம். விஜய் சிங் 2001இல் மலேசியப் பொது விருதுப் போட்டியை (மலேசியன் ஓப்பன்) வென்றது சௌஜானாவில்தான். அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன், 1980களில், அவர் சபாவின் கெனிங்காவில் சாதாரண கிளப் பயிற்சியாளராக இருந்தவர் என்பதை நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். தோட்டத்துத் துரைமார்களின் கோல்ஃப் பைகளைத் தோளில் சுமந்த தலைமுறையின் வாரிசுகள் நாம். இன்று அந்த நிலத்தில் நம் பையோடு நடப்பது எனக்குப் பெரிய விஷயமாகவே படுகிறது.

மைன்ஸ் திடலும் உண்டு. உலகின் மிகப் பெரிய திறந்தவெளி ஈயச் சுரங்கமாக விளங்கிய இடத்தில், உங்கள் புக்கிட் ஜம்புல் திடலை வடிவமைத்த அதே ராபர்ட் டிரென்ட் ஜோன்ஸ் ஜூனியர் உருவாக்கியது. டைகர் வூட்ஸ், மார்க் ஓ'மெராவோடு சேர்ந்து 1999இல் உலகக் கோப்பையை வென்றது அங்கேதான். இவை உறுப்பினர் கிளப்புகள். வெளியாருக்கு எந்த நாள்களில் இடம் என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

பட்டர்வொர்த் ஆட்டக்காரர்:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. பருவக்காற்றை நான் எண்ணிப் பார்க்கவே இல்லை. லங்காவி என்றே முடிவு செய்கிறோம். பினாங்கிலிருந்து விமானத்தில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. சௌஜானாவை அடுத்த முறை கோலாலம்பூர் வரும்போது பார்க்கிறேன், ஐயா. நான் ஆடும் நேரத்தில் குடும்பத்தார் எங்கே செல்லலாம்?

பெட்டாலிங் ஜெயா அன்பர்:

புராவ் விரிகுடாப் பக்கம் கேபிள் கார் உள்ளது. நீங்கள் அடிவாரத்தில் ஆடும் அதே மச்சிஞ்சாங் மலையின் உச்சிக்கு, 708 மீட்டர் உயரத்துக்கு, அது அவர்களை ஏற்றிச் செல்லும். டத்தாய் செல்லும் சாலையில் தெமுருன் அருவியும் இருக்கிறது. நீங்கள் காலையில் கிடைக்கும் முதல் நேரத்தையே கேட்டு வாங்குங்கள், ஏனெனில் வறண்ட மாதத்தில் பிற்பகல் வெயில் கடுமையாக இருக்கும். பந்துகளை வழக்கத்தைவிடக் கூடுதலாகக் கொண்டு செல்லுங்கள். காட்டுக்குள் போனதைத் தேடி உள்ளே இறங்காதீர்கள். பக்கி வண்டியில் தின்பண்டத்தைத் திறந்து வைத்துவிட்டுக் கிரீனுக்குப் போனால் குரங்குகள் எடுத்துக்கொண்டு போய்விடும்.