காட்டுப்பன்றிக்கு முதல் துப்பாக்கி: அப்பாவின் 12 போரா, புது 315 ரைபிளா?

வடகரப்பதி கடலைக்காடு:
அப்பாவுக்கு எழுபது வயது முடிந்துவிட்டது. அவர் பெயரில், ஒரு தோட்டாவில் பல குண்டுகளைச் சிதறவிடும் பழைய 12 போர் இரட்டைக் குழல் துப்பாக்கி ஒன்று இருக்கிறது. எழுபது ஆனால் வாரிசுக்கு மாற்றிக்கொள்ள 2016 ஆயுத விதிகளில் இடமிருப்பதால் என் பெயருக்கு மனு கொடுக்கச் சொல்கிறார். எனக்கோ புதிதாக, ஒற்றைக் குண்டாகத் தூரம் பாயும் 315 ரைபிள் வாங்கலாமா என்று ஒரு யோசனை. ஏர் ரைபிளைத் தவிர நான் எதையும் சுட்டதில்லை. நிலம் கேரளத்தில், பாலக்காட்டு எல்லையோரம் வடகரப்பதிப் பக்கம், நிலக்கடலை, வரப்போரம் தென்னை. பன்றி ராத்திரியில் வந்து சால் சாலாக மூக்கால் கிளறி, காயை மட்டும் தின்றுவிட்டுக் கொடியைக் கவிழ்த்துப் போட்டுவிட்டுப் போகிறது. பயிற்சி முடித்து, பயிரை அழிக்கிற பன்றியைச் சுடக் கூப்பிடப் பஞ்சாயத்து வைத்திருக்கும் சுடுபவர் பட்டியலில் பெயர் கொடுக்கப் போகிறேன். எது சரி?

கொல்லங்கோட்டு மாந்தோப்பு:
ரைபிள்தான் தம்பி, யோசிக்கவே வேண்டாம். முழு வளர்ச்சியான ஆண் பன்றியின் தோளில் தோலுக்கடியில் கெட்டியான தடிப்பு இருக்கும். 12 போரில் போடுகிற எல்ஜி தோட்டாவில் பல குண்டுகள் இருக்கும், அந்தக் குண்டு தூரத்திலிருந்து போனால் அதில் பட்டு நின்றுவிடும், பன்றி ஓடிவிடும். காயம்பட்ட பன்றி கரும்புக்குள் போய்ப் படுத்துக்கொண்டால் காலையில் தண்ணீர் பாய்ச்சப் போகிறவன் கதி என்ன? 315-இன் குண்டு கனமானது, முனை மெத்தென்று இருக்கும். முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால் பட்டால் ஒரே குண்டில் விழும். விலங்கு துடிக்காமல் சாக வேண்டும். சுடுகிறவன் அதற்குத்தான் முதலில் கடமைப்பட்டவன்.

எருத்தேம்பதி தென்னை:
அண்ணா, உங்கள் தோப்பு மலையடிவாரத்தில் இருக்கிறது, குண்டு தவறினாலும் மேட்டில் போய்ப் புதையும். இங்கே எருத்தேம்பதி, வடகரப்பதி, கோழிஞ்சாம்பாறை எல்லாம் கையை விரித்த மாதிரி சமவெளி. தென்னைக்கு நடுவில் வீடு, மோட்டார் ரூம், மாட்டுத் தொழுவம். விடிவதற்குள் பால் எடுத்துக்கொண்டு சொசைட்டிக்குப் போகிற ஆட்கள். சின்ன 22 ரைபிளின் தோட்டாப் பெட்டியிலேயே ஒன்றரை மைல் வரை ஆபத்து என்று எச்சரிக்கை போடுகிறார்கள். 315 அதைவிட எத்தனை மடங்கு! இருட்டில், டார்ச் வெளிச்சத்தில், முதல் பன்றியைப் பார்த்துக் கை நடுங்குகிற ஒருவனிடம் அதைக் கொடுக்கச் சொல்கிறீர்களா?

கொல்லங்கோட்டு மாந்தோப்பு:
கை நடுங்குகிறவன் எதையுமே எடுக்கக் கூடாது. பரண் மேல் உட்கார்ந்து கீழ்நோக்கிச் சுட்டால் குண்டு மண்ணில்தான் இறங்கும். பின்னால் மண் தெரியாமல் விசையைத் தொடாதே என்பது ரைபிளுக்கும் 12 போருக்கும் ஒரே விதி. எல்ஜி மட்டும் பறக்காதா?

எருத்தேம்பதி தென்னை:
பறக்கும். ஆனால் சீக்கிரம் வேகம் இழந்து விழுந்துவிடும். பரணும் எல்லா நாளும் கிடைக்காது. பட்டியலில் இருப்பவனை ராத்திரி கூப்பிடுவார்கள், வேறொருவர் காட்டில் தரையில் நின்றுதான் சுட வேண்டிவரும். அடுத்தது செலவு. 315 தோட்டா விலையும் அதிகம், எல்லாக் கடையிலும் இருப்பதுமில்லை. விலைக்குப் பயந்து பயிற்சியே எடுக்காமல் நேராகப் பன்றி முன்னால் போய் நிற்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். அது பெரிய தப்பு.

மேனோன்பாறை புதுசு:
அப்போ நடுவில் ஒரு 22 ரைபிள் எடுத்தால் என்ன? உதைக்காது, தோட்டாவும் மலிவு.

கொல்லங்கோட்டு மாந்தோப்பு:
பன்றிக்கு 22 கூடவே கூடாது. உயிரை எடுக்காமல் புண்ணை மட்டும் கொடுக்கும். சுடுதளத்தில் குறி பழக எடுத்துக்கொள், அதோடு சரி. ஏர் ரைபிளும் அப்படித்தான். குழல் 177 அளவும் சக்தி 20 ஜூலுக்குள்ளும் இருந்தால் உரிமம் வேண்டாம் என்பதற்காகச் சிலர் அதைப் பன்றி மேல் சுடுகிறார்கள். சட்டப்படியும் குற்றம், பாவமும் கூட.

கோவிந்தாபுரம் எல்லை:
துப்பாக்கிக்கு முன்னால் காகிதத்தைச் சொல்கிறேன். 1972 வனவிலங்குச் சட்டத்தை 1991-இல் திருத்திய பிறகு பொழுதுபோக்கு வேட்டை என்று நம் நாட்டில் எதுவும் கிடையாது. கேரளத்தில் 2022 மே மாதம் எடுத்த முடிவால், பயிரை அழிக்கிற பன்றியைச் சுட உத்தரவிடும் அதிகாரம் பஞ்சாயத்துத் தலைவருக்கு வந்தது. உத்தரவு இல்லாமல் உன் சொந்தக் காட்டில்கூடச் சுடக் கூடாது. விஷம், வெடி, மின்கம்பி எதுவும் ஆகாது. அதே 2022-இல் பாலக்காடு முட்டிக்குளங்கரையில் பன்றிக்கு வைத்த கம்பியில் இரண்டு போலீஸ்காரர்கள் செத்தார்கள். சுட்ட பன்றியைப் புதைக்க வேண்டும், கறிக்கு எடுக்கக் கூடாது.

இன்னொன்று, வேலந்தாவளம் சோதனைச்சாவடி தாண்டினால் சட்டமே வேறு. தமிழ்நாட்டில் 2025 ஜனவரி ஆணைப்படி காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால்தான் சுடலாம், அதுவும் வனத்துறை ஆட்கள் மட்டும். நம்ம பன்றிக்கு எல்லை தெரியாது. அது அந்தப் பக்கம் ஓடிவிட்டால் துப்பாக்கியோடு பின்னால் போகாதே. உரிமம் எந்தப் பகுதிக்குச் செல்லும் என்று அதிலேயே எழுதியிருக்கும், படித்துப் பார்.

வடகரப்பதி கடலைக்காடு:
நன்றி அண்ணா. அப்பாவின் துப்பாக்கி நன்றாக இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? ரொம்ப நாளாகச் சுடவில்லை.

எருத்தேம்பதி தென்னை:
முதலில் ஒன்று. உன் பெயரில் உரிமம் வரும்வரை துப்பாக்கி அப்பா கையில்தான் இருக்க வேண்டும். அவரையே மடக்கித் திறக்கச் சொல், தோட்டா இல்லை என்று இரண்டு பேரும் பாருங்கள். அப்புறம் குழலை வெளிச்சத்துக்கு நேரே பிடிக்கச் சொல். உள்ளே கண்ணாடி மாதிரி இருந்தால் நல்லது. கரும்புள்ளியோ வளையம் போன்ற நிழலோ தெரிந்தால் சுடாதீர்கள். மூடிவிட்டு லேசாக ஆட்டினால் கடகடவென்று சத்தம் வரக் கூடாது. குழலில் தோட்டா உட்காருகிற இடமான சேம்பரின் நீளம் முக்கியம். பழைய துப்பாக்கி பலவும் 65 மில்லிமீட்டர் தோட்டாவுக்கானவை, அதில் 70 போட்டால் அழுத்தம் ஏறும். குழலுக்கு அடியில் முத்திரை இருக்கும். புரியாவிட்டால் உரிமம் பெற்ற துப்பாக்கி மெக்கானிக்கிடம் அப்பாவே கொண்டுபோகட்டும்.

கொல்லங்கோட்டு மாந்தோப்பு:
இதை நானும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் தம்பி, 12 போர்தான் என்றால் தூரத்தை மனதில் வை. குண்டு சிதறாமலிருக்க முனையைக் குறுக்குவதுதான் சோக், அது இல்லாத குழலில் முப்பது மீட்டர் தாண்டும்போது குண்டுகள் இரண்டரை அடி அகலத்துக்கு விரிந்துவிடும். பாதி பன்றி மேல் படும், மீதி எங்கே என்று உனக்கே தெரியாது. ரேஞ்சில் பெரிய காகிதம் கட்டி, இருபதிலும் முப்பதிலும் சுட்டுப் பார்த்துவிட்டு உன் தூரத்தை முடிவு பண்ணு. அதற்கு மேல் நிற்கிற பன்றியை விட்டுவிடத் தெரிய வேண்டும். அது முடியாதென்றால் ரைபிள் பழகு. என் பேச்சு இன்னமும் அதுதான்.

எருத்தேம்பதி தென்னை:
விட்டுவிடத் தெரிவது ரைபிள்காரனுக்கும் வேண்டும் அண்ணா. 315 கையில் இருந்தால் நூறு மீட்டரில் நிற்பதையும் சுடத் தோன்றும். அந்த நூறு மீட்டருக்குப் பின்னால் எங்கள் ஊரில் யாராவது ஒருவர் வீடு இருக்கிறது.

வடகரப்பதி கடலைக்காடு:
கடைசியாக ஒரு சந்தேகம். எல்ஜிக்குப் பதில் அதே 12 போரில் ஒற்றைக் குண்டுத் தோட்டாவான ரோட்டாக்ஸ் போட்டால் இரண்டு பேர் சொல்வதும் சரியாகிவிடாதா?

கொல்லங்கோட்டு மாந்தோப்பு:
ஐம்பது மீட்டருக்கு நல்ல தோட்டாதான். ஆனால் இரட்டைக் குழலில் இடது குழல் பெரும்பாலும் ஃபுல் சோக்காக இருக்கும், அதில் போடாதே. வலது குழலிலும் மெக்கானிக் பார்த்துச் சொன்ன பிறகுதான்.

எருத்தேம்பதி தென்னை:
ஒற்றைக் குண்டு எல்ஜியைவிட ரொம்ப தூரம் போகும் என்பதையும் சேர்த்துக்கொள். மனுவைக் கொடு தம்பி, பாதுகாப்புப் பயிற்சிச் சான்றிதழுக்கு இப்போதே பெயர் பதிந்துவிடு. தேர்தல் அறிவித்துவிட்டால் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்வார்கள், கடலை பிடுங்குகிற மாதத்தில் கை வெறுமையாக நிற்கும்.